பிரேக்கில் வைத்த கால்

அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். லேம்ப் அண்ணன் கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வருவார்கள். கார் வயரிங் வேலை செய்கிறவர். ஒரு சின்ன பல்ப், அதிலிருந்து இரண்டு வயர், ஒன்றின் முனையில் கவ்வி, இன்னொன்றின் முனையில் ஊசி. இந்த டெஸ்ட் லேம்ப் எந்நேரமும் அவர் கழுத்தில் தொங்கும். மற்ற வயர்மேன்கள் நிறத்தைப் பார்த்தவுடன் வெட்டி ஒட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். இவர் ஒவ்வொரு வயரையும் ஊசியால் குத்தி, பல்ப் எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். என்ன நிதானம், என்ன ஜாக்கிரதை என்று ஊரே மெச்சியது. மண்ணாங்கட்டி ஜாக்கிரதை! மனிதருக்குப் பச்சைக்கும் பிரவுனுக்கும் வித்தியாசம் தெரியாது. பிறவியிலேயே அப்படி. இப்படிப்பட்ட ஆள் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தார் என்று கேட்காதீர்கள். வந்து கால் ஊன்றிய பிறகுதானே அவருக்கே தெரிந்தது!

இந்த ரகசியம் தெரிந்தது ஒரே ஒருத்திக்கு, அவர் மனைவிக்கு. கடையின் முன்பக்கம் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்து கார் சீட்டுக்கு உறை தைப்பாள். காருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும், விரல்களுக்கு நடுவில் ஒரு வயர் இருக்கும்.

"கலரு?" என்று குரல் வரும்.

யாரும் இல்லாவிட்டால் "பச்சை" என்பாள், அவ்வளவுதான். வாடிக்கையாளர் யாராவது நின்றுகொண்டிருந்தால் அங்கேதான் வேடிக்கை. "ஆமாங்க, அந்தப் பச்சைத் துண்டை இன்னும் காயப்போடல" என்பாள். பிரவுன் என்றால், "பிரவுன் டப்பால டீத்தூள் தீர்ந்து போச்சு, வாங்கணும்." சிவப்பு வாளி, மஞ்சள் பை, நீலக் குடை என்று அந்த வீட்டில் இல்லாத சாமானெல்லாம் அவள் வாயில் வந்து போகும். கேட்டவர்களோ கலரு என்பது செல்லப் பெயர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். இந்த வயதிலும் பெண்டாட்டியை எப்படிக் கொஞ்சுகிறார் பார் என்று கண்ணடித்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. "ஊரே நீங்க கொஞ்சறதா நினைக்குது. ஒரு நாளாவது கையில வயர் இல்லாம கூப்பிட்டிருக்கீங்களா?" என்பாள்.

அவர் அசடு வழிவார்.

இப்போது பழைய கதைக்கு வர வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அவளுடைய அப்பாவிடம் ஒரு கார் இருந்தது. இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும் உடம்பு, முன்பக்கம் நீண்ட மூக்கு. அந்தக் காலத்தில் அது சாலையில் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா ஆசை ஆசையாக எஞ்சினில் பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் பெரிய கார்புரேட்டர்களை மாட்டியிருந்தார். கேட்க வேண்டுமா, சமதரையில் சிட்டாகப் பறந்தது. மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போதுதான் வம்பு. எஞ்சினோடு சேர்ந்த பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்? பெட்ரோல் போதாமல் பாதி ஏற்றத்தில் இருமத் தொடங்கிவிடும். அதற்குத்தான் டேங்குக்குப் பக்கத்தில் மின்சாரத்தில் ஓடும் துணைப் பம்ப் ஒன்றை வைத்து, பின்னாலிருந்து பெட்ரோலைத் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வயரிங் வேலை புதிதாகக் கடை போட்டிருந்த நம் ஆளிடம் வந்தது.

வேலை பெரிய மந்திரம் இல்லை. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயர், நடுவில் ஒரு ஃபியூஸ், பிறகு ரிலே என்கிற தானாக இயங்கும் சுவிட்ச், அங்கிருந்து பம்புக்கு. அந்த ரிலேயைத் தட்டி எழுப்ப ஒரு மெல்லிய வயர் வேண்டும். சாவியைத் திருப்பினால் உயிர் வந்து, சாவியை எடுத்தால் உயிர் போகிற வயர் எதிலிருந்தாவது அதை எடுக்க வேண்டும். அந்தக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே அப்படிப்பட்ட பிரவுன் வயர் ஒன்று ஓடியது. அதை ஒட்டியே ஒரு பச்சை வயரும் ஓடியது. அது பிரேக் விளக்குக்குப் போவது, சாவி போட்டுப் பிரேக்கையும் மிதித்தால் மட்டும்தான் அதில் உயிர் இருக்கும்.

அன்று காரை ஓட்டி வந்தவள் அந்த வீட்டுப் பெண். அவளுக்கு ஒரு பழக்கம். அந்தக் காரின் கைப்பிரேக் என்றைக்குமே பிடித்ததில்லை. அதனால் அப்பா சின்ன வயதிலிருந்தே, "ஏறி உக்காந்ததும் கால் பிரேக்ல இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார். சீட்டில் உட்கார்ந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். அன்றும் போனது. நம் ஆள் கீழே படுத்துக்கொண்டு ஒரு வயரைக் குத்தி, "சாவி போடுங்க" என்றார். பல்ப் எரிந்தது. "எடுங்க" என்றார். அணைந்தது. திரும்பவும் எரிந்தது, திரும்பவும் அணைந்தது. இதுதான் பிரவுன் என்று ஒட்டிவிட்டார். பின்பக்கம் பம்ப் உர்ரென்று பாடியது. காரின் பின்பக்கம் சுவரைப் பார்த்து நின்றதால் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மலைப்பாதையில் ஏற்றப் போட்டி. அவள் ஓட்டினாள். முதல் வளைவு தாண்டிக் காலை அழுத்தியதும் கார் இருமியது, திணறியது, நிற்கப் போனது. பின்னால் உருண்டுவிடுமோ என்று பிரேக்கைத் தொட்டாள். உடனே பின்பக்கம் பம்ப் உர்ரென்றது. அடுத்த வளைவிலும் அதேதான். கெட்டிக்காரி, விஷயம் பிடிபட்டுவிட்டது. இடது காலைப் பிரேக்கில் லேசாக வைத்து, வலது காலால் ஆக்ஸிலேட்டரை அழுத்தி, பிரேக் தீய்ந்து புகை வர வர ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். நேரம் குறிக்கிறவர்கள் மேஜையை மடக்கிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் கடைக்கு வந்தாள். சண்டை போடப் போகிறாள் என்று அவர் பயந்தார். அவள் குனிந்து அந்த இரண்டு வயர்களையும் வெளியே இழுத்தாள்.

"இதுல எது பச்சை?"

அவர் ஒன்றைத் தொட்டார். பிறகு கையை எடுத்து மற்றதைத் தொட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் தெரியல, இல்ல?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிழைப்பே போனது என்று நினைத்தார். அவள் வெளியே போய், வாசலில் நின்றிருந்த அப்பாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது: "வயரிங்ல ஒண்ணும் தப்பில்லப்பா. நான்தான் பழக்க தோஷத்துல பிரேக்லயே காலை வச்சிட்டு ஏறிட்டேன்."

அப்பா வாங்கு வாங்கென்று வாங்கினார். அதற்கு மேல் போட்டிக்குக் காரைக் கொடுக்கவே இல்லை. அப்போது சின்னப் பையனாக அப்பாவோடு வந்திருந்த அவள் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இவர்கள் கல்யாணம் நடந்தது, பெண் பிறந்தாள், வளர்ந்தாள், வேறு ஊரில் குடித்தனம் போனாள். தம்பிக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனால் எந்த விசேஷத்தில் நாலு பேர் கூடினாலும் அவன் இந்தக் கதையை எடுக்காமல் விட மாட்டான். "எங்க அக்கா மாதிரி டிரைவர் உண்டா? பிரேக்ல காலை வச்சே மலை ஏறினவங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். லேம்ப் அண்ணன் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் ஊசி குத்தும். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்காமல் விழுங்கிவிடுவார்.

அந்தக் கார்தான் இப்போது திரும்பி வந்தது. அப்பா போன பிறகு தம்பியின் ஷெட்டில் கிடந்ததை அவன் தூசி தட்டி எடுத்திருந்தான். எஞ்சின் ஓடியது. துணைப் பம்ப் மட்டும் இறுகிப்போய், அதன் வயரெல்லாம் இற்றுப்போய்க் கிடந்தது.

"மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை பழைய கார்களுக்கு மட்டும் மலையில ஏற்றம் வச்சிருக்காங்க. புது பம்ப் வாங்கிட்டேன். நீங்க வயரிங் பண்ணிக் குடுங்க, நான் ஓட்டறேன்."

"நான் ஓட்டறேன்" என்றாள் அக்கா கடையின் முன்பக்கத்திலிருந்து.

தம்பி சிரித்தான். "எதுக்கு? பிரேக்க வறுக்கறதுக்கா?"

"டேய், ஒரே ஒரு தடவை ஒழுங்கா ஏறிக் காட்டறேன். அப்புறம் உன் வாயை மூடிக்கணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் குரல் கொஞ்சம் உடைந்தது. தம்பிக்கு அது கேட்கவில்லை. புருஷனுக்குக் கேட்டது. எப்பாடு பட்டாவது இந்தத் தடவை இவளை உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று அவர் மனதுக்குள் வைராக்கியம் எடுத்துக்கொண்டார்.

புது பம்பை ரப்பர் வளையம் வைத்து டேங்குக்குப் பக்கத்தில் பொருத்தினார். தடித்த வயரைக் காரின் வயிற்றோடு சேர்த்து இழுத்து, உரசும் இடங்களிலெல்லாம் குழாய் போட்டு மூடினார். ஃபியூஸ், ரிலே எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்து, கையை வெளியே நீட்டினார்.

"கலரு?"

பதில் உடனே வரவில்லை. அவள் எழுந்து வந்து, வயரைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"பிரவுன்" என்றாள்.

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். பதில் தாமதமாக வந்தது. மிஷினில் தைப்பதையும் விட்டுவிட்டாள், மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று சாக்குச் சொன்னாள். முந்தாநாள் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றினாள். நம் ஆளுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இல்லை, மண்டையில்தான் ஏறவில்லை.

"உள்ள உக்காரு. சாவி போடு" என்றார்.

உட்கார்ந்தாள். போட்டாள். பல்ப் எரிந்தது. எடுத்தாள், அணைந்தது. ஒட்டினார், டேப் சுற்றினார். பின்பக்கம் பம்ப் உர்ரென்றது. அவருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஊருக்கு வெளியே உள்ள மேட்டுச் சாலைக்கு ஓட்டிப் பார்க்கப் போனார்கள். அவள் ஸ்டியரிங்கில் நெஞ்சு படும்படி முன்னால் சாய்ந்துகொண்டு ஓட்டினாள். பழக்கம் விட்டுப்போனதால் என்று நினைத்தார். மேடு வந்தது. அவள் காலை அழுத்தினாள். கார் சீறிக் கிளம்பியது, அந்தச் சத்தத்தில் அவருக்கு இளமையே திரும்பி வந்ததுபோல் இருந்தது. பாதி மேட்டில் ஒரு இருமல். இன்னொரு இருமல். கார் திணறியது.

அவள் பிரேக்கைத் தொட்டாள்.

உர்ர்ர்.

இரண்டு பேருக்கும் கேட்டது. அவள் காரை ஓரம் கட்டி நிறுத்தினாள். சக்கரத்துக்கு அவர் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். குனிந்து டேப்பைப் பிரித்து, இரண்டு வயர்களையும் நல்ல வெயிலில் இழுத்துப் பிடித்தார்.

"கலரு?"

அவள் குனிந்து பார்த்தாள். இன்னும் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"தெரியலைங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.

"எத்தனை நாளா?" என்றார்.

"போன வருஷத்துல இருந்தே எல்லாம் மங்கல். இப்ப எல்லாமே பிரவுனாத்தான் தெரியுது. கண்ணுல புரைன்னு நினைக்கிறேன்."

"ஏன்டி சொல்லல? என்கிட்டகூடவா மறைப்ப?"

"சொன்னா நீங்க கடைய மூடிடுவீங்க. ஊசியால குத்திக் குத்தி அரை நாள் வேலைய ரெண்டு நாள் பண்ணுவீங்க. மானம் போகுதேன்னு மருகுவீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குத்துமதிப்பா சொல்லியே சமாளிச்சிடலாம்னு பார்த்தேன். நீங்க மட்டும் ஊரை ஏமாத்தலாம், நான் ஏமாத்தக் கூடாதா?"

அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நடுரோட்டில் ஒரு பெரிய மனுஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

"சரி, ஏறி உக்காரு" என்று சொல்லி, பம்புக்கு ஒட்டியிருந்த வயரில் ஊசியைக் குத்தினார். "சாவி போடு. போட்டுட்டியா? இப்ப பிரேக்ல இருந்து காலை எடு."

அவள் எடுத்தாள். பல்ப் அணைந்தது. மற்ற வயரைக் குத்தினார். எரிந்தது. காலை வைத்தாலும் எரிந்தது, எடுத்தாலும் எரிந்தது.

"அடப்பாவி மனுஷா! இவ்வளவுதானா? அன்னிக்கே காலை எடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றாள்.

வயரை மாற்றி ஒட்டினார். பம்ப் இப்போது நிற்காமல் பாடியது. அவள் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் ஓட்டல. எதிர்ல வர்றது வளைவா, மனுஷனான்னே தெரியல. எனக்கு ஆசை இருக்கு, ஆனா யார் மேலயாவது ஏத்திட்டா?"

அவருக்கு லைசென்ஸ் கிடையாது. காரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகத் தம்பிக்குப் போன் போட்டு வரச் சொன்னார்கள். அவன் ஆட்டோவில் வந்து இறங்கும்போதே, தரையில் பிரிந்து கிடந்த டேப்பையும், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த அக்காவையும் பார்த்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

"என்னக்கா, நின்னுபோச்சா? மறுபடியும் பிரேக்ல காலா? நான் சொல்லல?"

அவள் வழக்கம்போல் சிரிக்கத் தயாரானாள். "ஆமாடா, பழக்க தோஷம்..." என்று ஆரம்பித்தாள்.

"இல்ல மாப்ள" என்றார் லேம்ப் அண்ணன்.

அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"அவ மேல எந்தத் தப்பும் இல்ல. இன்னிக்கும் இல்ல, அன்னிக்கும் இல்ல. பம்ப் வயரைப் பிரேக் வயர்ல சேர்த்தவன் நான். எனக்குப் பச்சை எது பிரவுன் எதுன்னு தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது. உங்க அக்கா அதைக் கண்டுபிடிச்சா. என் பிழைப்பு போயிடக் கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. பம்ப் ஓடாத காரை ரெண்டு காலால ஓட்டி உச்சிக்குக் கொண்டுபோனவடா அவ. உங்க வீட்டுல அவளை மாதிரி டிரைவர் யாரும் இல்ல."

தம்பி அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"அப்ப... அப்ப கடையில எந்நேரமும் கலரு கலருன்னு கூப்பிடறது?"

"வயரோட கலர் கேக்கறதுடா, மடையா" என்றாள் அக்கா.

அவனுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று அக்காவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். இத்தனை வருஷமாக எத்தனை பேர் முன்னால் அக்காவைக் கேலி செய்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அழுதான். அவள் கண் விஷயத்தைக் கேட்டதும் இன்னும் அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் ஏறவில்லை. தம்பியை ஓட்டச் சொன்னதற்கு, அக்கா ஓட்டாமல் அது மலை ஏறாது என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டான். முதலில் ஒரு கண்ணுக்கும், பிறகு இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்த அன்று அவள் முதலில் பார்த்தது புருஷனைத்தான். "ஐயோ, இவ்வளவு கிழமாயிட்டீங்களா?" என்று பதறிப்போனாள். லேம்ப் அண்ணனின் குட்டு தெருவெல்லாம் பரவியது. கடை ஒன்றும் மூடிப்போகவில்லை. வருகிறவர்களெல்லாம் தாங்களே குனிந்து, "இது சிவப்புண்ணே, இது பச்சைண்ணே" என்று போட்டி போட்டுக்கொண்டு சொல்லி அவரை எரிச்சல் மூட்டினார்கள்.

மழை ஓய்ந்த பிறகு, டாக்டர் தாராளமாக ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, ஒரு சாதாரண வேலை நாளில், கொடியும் கூட்டமும் இல்லாத மலைப்பாதையில் அவள் அந்தக் காரை ஏற்றினாள். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கீழே தம்பி நின்றுகொண்டு கையை அசைத்தான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அதற்கு மேல் அவர் எண்ணவில்லை, கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். பின்னால் பம்ப் விடாமல் பாடிக்கொண்டே வந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு திணறல் இல்லை. அவளுடைய இடது கால் தரையில் சும்மா கிடந்தது.

உச்சியில் யாரும் இல்லை. காரை நிறுத்திச் சாவியை எடுத்தாள். பம்ப் அடங்கியது. அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி, மூச்சு வாங்க, சின்னப் பெண்போல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கலரு" என்றார்.

அவள் பழக்கத்தில் அவர் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். "சும்மா கூப்பிட்டேன்."